தோட்டத்து ஆபீசு: செகாம்புட் வீட்டின் பக்க நிலத்தில் ஓர் அறை

மலேசியத் தமிழர் வீட்டில் 'தோட்டத்து ஆபீசு' என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது பால்மரங்களுக்கு நடுவே நின்ற பலகைக் கட்டடமும் அதற்குள் பேரேட்டோடு அமர்ந்திருந்த கிராணி என்னும் எழுத்தரும்தான். ஆகவே, வீட்டின் பக்க நிலத்தில் வேலை செய்வதற்கென்று சிறிய அறை ஒன்றை அமைக்கப் போகிறோம் என்று நான் அறிவித்தபோது, கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் இளமையைக் கழித்த என் மாமனார் சற்று நேரம் சிரித்துவிட்டு, "ஆபீசு ஜன்னலுக்கு வெளியே நின்னுதாம்மா நான் சம்பளம் வாங்கியிருக்கேன், இப்பவாவது உள்ளே உட்கார ஒரு நாற்காலி போடு" என்றார். நாற்காலி போட்டாயிற்று. மாலையில் நான் வேலையை முடித்து எழுந்ததும் அவர் அதில் அமர்ந்து நாளிதழ் படிக்கிறார். அந்த அறையையும் அதை அமைத்துத் தந்த பட்டறையின் சேவையையும் பற்றி, ஓராண்டுக்கும் மேலான பயன்பாட்டுக்குப் பிறகு எழுதும் மதிப்பீடு இது.

எங்கள் வீடு கோலாலம்பூர் செகாம்புட் வட்டாரத்தில் உள்ள மூலை வீடு. வரிசை வீடுதான் என்றாலும் மூலையில் இருப்பதால் பக்கவாட்டில் 5 மீட்டர் அகலத்துக்கு நிலம் உண்டு. ஒரு மாமரம், முருங்கை, கறிவேப்பிலை, அத்தை வளர்க்கும் செம்பருத்தி ஆகியவை போக நடுவில் வெறும் புல்தரை கிடந்தது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து சாப்பாட்டு மேசையின் ஒரு முனைதான் என் அலுவலகமாக இருந்தது. தற்காலிகம் என்று நினைத்த ஏற்பாடு நீண்டுகொண்டே போனது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர் எழுத்து வழியாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து வழியாகவே பதில் தரவேண்டும். நான் விண்ணப்பித்து, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்புதல் பெற்றேன். சம்பளக் கணக்கு பார்ப்பது என் தொழில். மற்றவர்களின் சம்பள விவரங்களைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, மிக்ஸி ஓடும் சமையலறைக்கு அருகில் அமர்ந்து தொலைபேசியில் பேசுவது நாகரிகமாகவும் இல்லை, பாதுகாப்பாகவும் இல்லை.

முதலில் செங்கல் அறைக்கு விலை கேட்டோம். கேட்ட இடங்களில் குறைந்த விலையே 34,000 ரிங்கிட். மர அறையைப் பற்றியும் யோசித்தோம். கரையான் எளிதில் தொடாத செங்கால் மரத்தில் கட்டினால் பல்லாண்டுகள் நிற்கும். ஆனால் அதன் இன்றைய விலையைக் கேட்டபோது, பெயரிலுள்ள காலை எடுத்துவிட்டுச் செங்கல்லுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. விலை மலிந்த பைன் மரமோ, நம் ஊர் ஈரத்திலும் கரையானிலும் நெடுநாள் தாங்காது. பழைய 20 அடி சரக்குக் கொள்கலன் ஒன்றை வாங்கிப் போடலாம் என்று என் கணவர் ஆசைப்பட்டார். அதன் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர், வெளி அகலம் 2.44 மீட்டர், வெறும் எடையே 2 டன்னுக்கு மேல். அதைத் தூக்கி இறக்கப் பாரந்தூக்கி லோரி வரவேண்டும். எங்கள் சந்தின் குறுக்கே தாழ்வாகத் தொங்கும் தொலைபேசிக் கம்பிகளைப் பார்த்த ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்காமலேயே தலையசைத்துவிட்டார்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது, கட்டுமானத் தளங்களில் அலுவலகமாகப் பயன்படுத்தும் கேபினின் தம்பி என்று சொல்லத்தக்க, சாண்ட்விச் பேனல் அறை. இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு இடையே வெப்பத்தைத் தடுக்கும் பொருளை அடைத்துச் செய்யும் பலகைகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து, இருக்கும் இடத்திலேயே பூட்டிவிடலாம் என்பதால் சந்து குறுகலாக இருந்ததும் பொருட்டாகவில்லை. நகர எல்லையில் உள்ள ஒரு சிறு பட்டறை, 3 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவில், ஒரு கதவு, இரண்டு நகர்த்து ஜன்னல்களுடன் 9,800 ரிங்கிட்டுக்குச் செய்து தருவதாகச் சொன்னது. பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நிறையும் குறையும் கலந்த அனுபவம் அது, குறைகளில் பாதி இந்தத் தொழிலில் பலரிடமும் காணப்படுபவை.

9,800 என்ற அந்த எண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஒரு பெட்டியின் விலை. அந்தப் பெட்டி மனிதர் எட்டு மணி நேரம் அமர்ந்து வேலை பார்க்கும் அறையாக மாறுவதற்குள் செலவு 20,100 ரிங்கிட்டைத் தொட்டது. செங்கல் அறையோடு ஒப்பிட்டால் இதுவும் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் காணும் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குபவர் பாதி வழியில் நின்றுவிடுவார். ராக்வூல் என்னும் பாறை இழை அடைத்த பேனலுக்கு மாறியதில் அறையின் விலை 11,200 ஆயிற்று. கான்கிரீட் தளத்துக்கு 2,300, வரைபடத்துக்கும் அனுமதிக்கும் 1,600, மின்னிணைப்புக்கு 1,750, 1 குதிரைத்திறன் இன்வெர்ட்டர் குளிர்சாதனத்துக்கு 1,650, உட்கூரைப் பலகைக்கு 700, நிழல்வலைக்கும் அதன் சட்டத்துக்கும் 620, இணைய வடத்துக்கும் கருவிகளுக்கும் 280. மேசையும் நாற்காலியும் ஏற்கெனவே இருந்தவை.

ராக்வூலுக்கு ஏன் கூடுதலாக 1,400 கொடுத்தோம் என்று என் கணவர் இன்னும் அவ்வப்போது கேட்கிறார். விலை குறைந்த பேனல்களின் உள்ளே இருப்பது பாலிஸ்டிரீன் நுரை. குளிர்பானப் பெட்டிகளில் பார்க்கும் அதே வெள்ளைப் பொருள். வெப்பத்தை அது நன்றாகவே தடுக்கும், ஆனால் தீப்பிடித்தால் உருகி எரியும். பாலியூரித்தேன் நுரை அதைவிடவும் நன்றாக வெப்பத்தைத் தடுக்கும், எனினும் அதுவும் எரியும் பொருளே. பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் ராக்வூல் எரியாது. அறைக்கும் அண்டை வீட்டு மதிலுக்கும் இடையே இருப்பது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளிதான். உள்ளே நாள் முழுதும் மின்கருவிகள் ஓடுகின்றன. தீபாவளி இரவில் சந்தெல்லாம் மத்தாப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது 1,400 ரிங்கிட் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடர்த்தி கூடிய பொருள் என்பதால் வெளிச் சத்தத்தையும் அது ஓரளவு விழுங்குகிறது.

அனுமதி விஷயத்தில் விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நான் விசாரித்த மூவரில் இருவர், "இது நகர்த்தக்கூடிய கேபின், ஆகவே யாரிடமும் கேட்கத் தேவையில்லை" என்றனர். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ஊராட்சி அமைப்பின் முன் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. கான்கிரீட் தளத்தில் திருகாணி அடித்து, மின்சாரமும் கொடுத்து, கூரையும் போட்ட ஒன்றைக் கட்டடம் இல்லை என்று வாதிடும் துணிவு எனக்கில்லை. மாநகர் மன்ற முகப்பில் விசாரித்து, வரைபடம் போடுபவர் ஒருவரை வைத்து முறைப்படி விண்ணப்பித்தோம். 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட விதிகள் வீட்டறைகளுக்கு வகுத்துள்ள அளவுகள் நல்ல வழிகாட்டியாக அமைந்தன. சிறிய அறைக்குக்கூட 6.5 சதுர மீட்டர் பரப்பும் 2 மீட்டர் அகலமும் வேண்டும், உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது, ஜன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும், காற்று தடையின்றிப் புகும் திறப்பு அதில் பாதியாவது வேண்டும். எங்கள் அறை 7.2 சதுர மீட்டர், 0.9 மீட்டர்ச் சதுரமான இரண்டு ஜன்னல்கள் அந்த அளவைத் தாராளமாகத் தாண்டின. பட்டறை முதலில் சொன்ன 2.3 மீட்டர் உயரத்தை 2.5 ஆக மாற்றச் சொன்னதும் இதனால்தான், அதற்கு அவர்கள் கூடுதல் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

தளம் போடுவதற்கு முன் செய்த ஒரு காரியம் பெரும் தலைவலியைத் தவிர்த்தது. கழிவுநீர்க் குழாயின் ஆள்நுழை மூடி எங்கே இருக்கிறது என்று மாமனார் புல்லை விலக்கித் தேடினார். நாங்கள் குறித்து வைத்திருந்த இடத்தின் ஒரு மூலைக்கு நேர்கீழே அது இருந்தது. அறையை ஒரு மீட்டர் முன்னே தள்ளிப் போட்டோம். கற்களின் மேல் கேபினைத் தூக்கி நிறுத்தினால் செலவு குறையும் என்று பட்டறைக்காரர் சொன்னதையும் ஏற்கவில்லை. அடியில் உண்டாகும் இருட்டு இடைவெளியில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான வீடு வேறில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் வளாகத்துக்குள் வந்து பார்த்து அபராதம் விதிக்கவும் முடியும். சுற்றியுள்ள நிலத்தைவிட 20 சென்டிமீட்டர் உயர்த்திய திண்மையான தளம், கால்வாய்ப் பக்கம் சற்றே சரிவு, அவ்வளவுதான்.

பணி 2024 பிப்ரவரியில் தொடங்கியது. மூன்று வாரம் என்று சொன்னது ஏழு வாரமாயிற்று. பூட்டும் வேலைக்கு இரண்டு ஆள்கள், மூன்று நாள்கள் போதுமாக இருந்தன. மீதிக் காலமெல்லாம் பேனலுக்கும் கதவுக்கும் காத்திருந்ததுதான். வந்தவர்கள் திறமைசாலிகள், வேலை முடிந்ததும் திருகாணிகளைக்கூடப் பொறுக்கி எடுத்துச் சென்றார்கள். ஆனால் கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி மாட்டிவிட்டார்கள். இவ்வளவு சிறிய அறையில் உள்பக்கம் திறக்கும் கதவு ஒரு மேசையின் இடத்தை விழுங்கிவிடும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டே காட்டியிருந்தோம். அதைக் கழற்றி மாற்ற மேலும் ஒரு வாரம்.

மின்சாரத்தில் எனக்கும் பட்டறைக்கும் உண்மையிலேயே உரசல் ஏற்பட்டது. வாசல் முன்றிலில் உள்ள பிளக்கிலிருந்து நீட்டிப்பு வடம் இழுத்துக்கொண்டால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் அவர்களுடைய ஆள். குளிர்சாதனமும் கணினியும் ஓடும் ஓர் எஃகுப் பெட்டிக்கு, மழையில் நனையும் நீட்டிப்பு வடத்தில் மின்சாரம் கொடுப்பது என்ற எண்ணமே எனக்கு உடல் சிலிர்க்க வைத்தது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளர் ஒருவரைத் தனியாக அமர்த்தினோம். வீட்டு மின்பலகையிலிருந்து அறைக்கென்று தனிச் சுற்று, 4 சதுர மில்லிமீட்டர் வடம், குழாய்க்குள் இட்டு மண்ணில் புதைப்பு, மின்கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சாதனம், எல்லாவற்றுக்கும் மேலாக அறையின் எஃகுச் சட்டத்தையே எர்த் கம்பியோடு இணைத்தல். சுவர், கூரை, கதவு எல்லாமே உலோகமாக உள்ள அறையில், எங்கோ ஒரு கம்பியின் உறை கிழிந்தால் முழு அறையும் மின்னேற்றம் கொள்ளும் என்பதால் இந்தக் கடைசி வேலையை மட்டும் எவரும் விட்டுவிடக்கூடாது.

அறைக்குள் குடியேறிய முதல் நாளே வைஃபை கைவிட்டது. வீட்டு ரவுட்டருக்கும் அறைக்கும் 12 மீட்டர் தூரம்கூட இல்லை. ஆனால் நாற்புறமும் எஃகுத் தகடு சூழ்ந்த அறைக்குள் வானொலி அலை எளிதில் நுழைவதில்லை. ஜன்னலருகே நின்றால் இரண்டு கோடு, மேசையில் அமர்ந்தால் ஒன்றுமில்லை. சாதாரணச் செம்பு வடத்தை வெளியே இழுத்து இணைத்தோம், நன்றாக வேலை செய்தது. அக்டோபரில் ஒரு பிற்பகல், இடியும் மின்னலும் மாறிமாறி விழுந்த பிறகு, ரவுட்டரில் அந்த வடம் செருகியிருந்த துளையும் என் கணினி இணைப்புக் கருவியும் சேர்ந்தே செத்துப்போயின. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல், வெளியே கிடந்த செம்பு வடத்தில் தூண்டிய மின்னழுத்தமே காரணம் என்றார் மின்பணியாளர். இப்போது செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வடம் ஓடுகிறது. இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனைகளிலும் மாற்றிகள் வேண்டுமே தவிர, நான் பயந்த அளவுக்கு விலை ஆகவில்லை. மேலே சொன்ன 280 இந்தச் செலவுதான். செத்துப்போன கருவிகளின் விலையை அதில் சேர்க்கவில்லை.

இனி வெயில். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ உச்சியிலேயே நடக்கிறது. கூரைதான் முதலில் காய்கிறது, அடுத்தபடி கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். இதனால் ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்தோம். எதிரெதிரே இருப்பதால் காற்றும் ஓடுகிறது. அப்படியிருந்தும், குளிர்சாதனத்தைப் போடாமல் மறு ஆண்டு மார்ச் மாதப் பிற்பகலொன்றில் அளந்து பார்த்தபோது வெளியே 33 பாகை, உள்ளே 36.5. பேனல் வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. உள்ளே புகுந்த சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வதும் அதே பேனல்தான். இதற்கு மருந்து கண்டவர் மாமனார். நாற்றுப் பண்ணைகளில் கட்டும் கறுப்பு நிழல்வலையை, கூரைக்கு மேலே ஏறத்தாழ ஓர் அடி இடைவெளி விட்டு, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். கூரையில் நேராக விழும் வெயில் தடைப்பட்டது. இடைவெளியில் காற்று ஓடியது. அதே மாதத்தின் இறுதியில், அதேபோன்ற வெயிலில் உள்ளே 33.8. மொத்தச் செலவில் 620 ரிங்கிட் எவ்வளவு சிறிய பங்கு என்பதையும், குளிர்சாதனம் முன்பைவிட விரைவில் அடங்கிவிடுகிறது என்பதையும் பார்க்கும்போது, இந்த அறையில் செலவிட்ட பணத்திலேயே சிறந்த பணம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பட்டறையின் விலைப்பட்டியலில் அலங்கார விளக்கும் மரத்தோற்றச் சுவரும் இருந்தன, நிழலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வலையால் எதிர்பாராத இன்னொரு நன்மையும் கிடைத்தது. உலோகக் கூரையில் விழும் மழையின் ஓசையை எதிர்பார்த்துத்தான் உட்கூரைப் பலகை போட்டிருந்தோம், இருந்தாலும் ஏப்ரலின் முதல் பெருமழையில் எதிர்முனையில் பேசியவர், "நீங்கள் அருவிக்கரையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். வலை வந்தபின், பெரிய துளிகள் அதில் பட்டுச் சிதறி விழுவதால் ஓசை தணிந்தது. முற்றிலும் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கே ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை வழக்கம். அந்த மாதங்களில் முக்கியமான தொலைபேசிக் கூட்டங்களை முற்பகலிலேயே வைத்துக்கொள்கிறேன்.

மழை காட்டிக்கொடுத்த பெரிய குறை ஜன்னல் விளிம்பு. தெற்கு ஜன்னலின் கீழ் மூலையில் நீர் கசிந்து, சுவரோரம் வைத்திருந்த இரண்டு கோப்புகளை நனைத்தது. ஜன்னலுக்கு மேல் நீரை வெளியே தள்ளிவிடும் மடிப்புத் தகடு வைக்காமல், சிலிக்கான் பசையை மட்டும் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் எஃகு, பசையைச் சில வாரங்களிலேயே பிரித்துவிட்டது. இரண்டு முறை அழைத்தபோது மறுபடியும் பசை பூசவே ஆள் வந்தது. மூன்றாம் முறை பட்டறையின் உரிமையாளரே வந்தார். பார்த்துவிட்டு, மறு வாரமே இரண்டு ஜன்னல்களுக்கும் தகடு வைத்துக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. கைபேசியை எடுக்காமல் மறைந்துபோகும் ஒப்பந்தக்காரர்களைக் கண்டு பழகிய எனக்கு அது மதிப்புக்குரிய செயலாகவே பட்டது. இருப்பினும், முதல் நாளே வைத்திருக்கவேண்டிய தகடு அது.

ஈரத்தோடு இன்னும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. குளிர்சாதனத்தை 22 பாகையில் வைத்து வேலை செய்த நாள்களில், கதவின் உலோகச் சட்டம் வெளிப்பக்கம் வியர்த்தது. வாரக்கடைசியில் மூடிக்கிடந்த அறையைத் திங்கட்கிழமை திறந்தால் பூஞ்சை வாடை வந்தது. இப்போது 25க்குக் கீழே இறக்குவதில்லை. வேலை இல்லாத நாள்களில் அத்தை காலையில் இரண்டு ஜன்னல்களையும் அரை மணி நேரம் திறந்து வைக்கிறார். தாள்கள் அதிகம் வைத்துப் புழங்குபவர்களுக்கு இந்த வகை அறையைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். கணினி ஒன்றே போதும் என்பவர்களுக்குத் தொல்லையில்லை.

மற்றபடி, வெளிச்சம் தாராளம், தரை அதிர்வதில்லை, கரையான் கடிக்க மரம் என்று ஒன்றும் இல்லை. சமையலறைக்கும் எனக்கும் இடையே இருபது அடி புல்தரை கிடப்பது மனத்துக்கு எவ்வளவு பெரிய தூரம் என்பதை, மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதுதான் உணர்கிறேன். பக்க நிலம் குறைந்தது 4 மீட்டர் அகலமாவது இல்லாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், கையில் 15,000க்குக் கீழே வைத்திருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். அறைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். பட்டறைக்கு மூன்று, உரிமையாளர் தாமே வந்ததற்காக அரை சேர்த்து மூன்றரை.

ஒப்பந்தத்தில் 500 ரிங்கிட்டை இரண்டு மழைக்காலம் கடக்கும்வரை பிடித்து வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தோம். நவம்பர் மழையில் ஜன்னல் கசியவில்லை. இந்த ஏப்ரலிலும் கசியவில்லை. போன வாரம் அந்தத் தொகையை அனுப்பிவிட்டேன்.